வேட்டைக்காட்டுத் தேக்கு

சொந்த மாட்டுக்கு வைக்கோல் போட அடுத்தவன் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று கண்ணாத்தாளுக்கு. உச்சி வெயில். தலையில் வைக்கோல் கட்டு, இடுப்பில் ஆட்டிய பருத்திக்கொட்டைச் சட்டி. காட்டிலாகா ஆபீசின் கம்பிக் கதவுக்கு வெளியே வேப்பமரத்து நிழல் நகர நகர அவளும் நகர்ந்து நின்றாள். உள்ளே பெஞ்சில் கார்டு நாகராசு கால் மேல் கால் போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காதவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடு எங்கங்க?"

"தண்ணிக்குப் போயிருக்கு. வரும், நில்லு."

வண்டியும் மாடும் கேசில் இருக்கின்றன என்று பேர். கேசில் இருக்கிற மாடு கொட்டடியில் படுத்து அசை போட வேண்டியதுதானே? இங்கே அப்படியில்லை. பிடித்துக்கொண்டு வந்த மறுநாளே அவள் வண்டியில் ஒரு தகரப் பீப்பாயைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஊருணியிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து ரேஞ்சர் வீட்டுக்கு, அங்கிருந்து கிளார்க்கு வீட்டுக்கு என்று மாடுகள் பொழுதெல்லாம் தண்ணீர் இழுத்தன. தீனி மட்டும் மாட்டுக்காரி சுமந்து வந்து போட வேண்டும். இது எந்த ஊர் நியாயமோ, கண்ணாத்தாளுக்கு விளங்கவில்லை.

வண்டி குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. மயிலைக் காளையின் கழுத்தில் நுகத்தடி அழுத்தித் தோல் வழன்றிருந்தது. புண்ணில் ஈ மொய்த்தது. அவள் கையை முகர்ந்துவிட்டு அது முழங்கையை நக்கியது. கண்ணாத்தாளுக்குப் பொசுக்கென்று கண்ணீர் வந்தது; அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"ஏய்யா, கழுத்துல ஒரு சாக்கைச் சுத்தி விட்டா ஒன் கை தேஞ்சா போயிரும்?" என்று ஓட்டி வந்த பியூனைப் பிடித்துக்கொண்டாள். "வாயில்லாச் சீவன். ஒனக்கும் எனக்கும் உள்ள வழக்கு அதுக்குத் தெரியுமா?"

"ரொம்பத் துள்ளாத," என்றான் நாகராசு பெஞ்சிலிருந்தபடியே. "வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஏலம் போட்டுருவாங்க. எடுக்கிறவன் சாக்குச் சுத்துவான்."

ஏலம் என்றதும் அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். அன்றைக்குப் புதன்கிழமை.

எல்லாம் ஒரு உத்திரத்தால் வந்த வினை.

திருமயத்துக்குத் தெற்கே செட்டியார் ஊர் ஒன்றில் மெய்யம்மை ஆச்சி வீட்டின் பின்கட்டைப் பிரித்தார்கள். பர்மாவில் கடை வைத்துக் கொடிகட்டிப் பறந்த குடும்பம். ஜப்பான்காரன் சண்டையில் அங்கே எல்லாம் போய், ஆள் மட்டும் ஊர் திரும்பிற்று. வீட்டின் முகப்பு அப்படியே இருக்க, பின்னால் இருந்த கட்டுகள் மட்டும் ஓடு இறங்கி, உத்திரம் இறங்கி, மதுரை லாரியில் ஏறிக் கொண்டிருந்தன. சந்துக்குள் லாரி வராது. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு மரம் இழுத்தது கண்ணாத்தாளும் அவள் புருஷன் பிச்சைமுத்துவும். வேலை முடிந்ததும், வீடு பிரிக்கிற வேலையைக் குத்தகைக்கு எடுத்த மதுரைக்காரர், கூலிக்குப் பதிலாக ஒரு உத்திரத்தைக் காட்டி, "எடுத்துக்கிட்டுப் போங்க, பர்மாத் தேக்கு, ஒங்க பேரப் பிள்ளை காலத்துக்கும் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

பிச்சைமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. கண்ணாத்தாளுக்கோ வாயெல்லாம் பல். திருக்கோகர்ணத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குக் கதவு என்று ஒன்று கிடையாது, பனையோலைத் தட்டிதான். தெருநாய் மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சோற்றுச் சட்டியை உருட்டிவிட்டுப் போகும். அந்த வாசலுக்குத் தேக்குக் கதவு போடுவதென்றால் சும்மாவா?

அங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு வீட்டு மரம் இன்னொரு வீட்டுக்குள் தோலோடு வரக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பழைய வீட்டின் சாவும் சண்டையும் மரத்தின் மேல்தோலில் ஒட்டியிருக்குமாம். செதுக்கி, மஞ்சத்தண்ணி தெளித்துத்தான் எடுக்க வேண்டும். ஆச்சி வீட்டில் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

"வீட்டுக்குக் கொண்டு போய்ச் செதுக்கிக்கலாம் புள்ள," என்றான் பிச்சைமுத்து.

"வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே செதுக்கணும். நமக்குச் சோறு போடுற வண்டி. அதுல அந்தப் பீடை படக்கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். பிரிப்பு வேலைக்கு வந்திருந்த அய்யாக்கண்ணு ஆசாரி செதுக்குகிற வாச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆணி அடித்த முனைகளை அறுத்தெறிந்தார். சுண்ணாம்புக் கறை, அடுப்புப் புகை, பழைய சாயம் எல்லாம் சுருள் சுருளாக உதிர்ந்தன. உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது, நேற்றுத்தான் வெட்டியது போல. வாசனை மூக்கைத் துளைத்தது. கண்ணாத்தாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பழைய மரம் என்பதற்கு இருந்த அத்தனை அடையாளத்தையும் தன் கையாலேயே வழித்தெறிந்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ரோட்டில் காட்டிலாகாச் சோதனைச் சாவடியின் மூங்கில் குறுக்கே கிடந்தது. அந்த வருஷம் முழுக்க ஒரு கேசும் பிடிக்கவில்லை என்று நாகராசுவுக்கு மேலேயிருந்து ஏச்சு விழுந்துகொண்டிருந்த நேரம். மாட்டுத் தீனிக்கு மேலே போட்டிருந்த வைக்கோலை விலக்கினான், மரத்தை முகர்ந்தான், அவன் முகம் மலர்ந்தது.

"பச்சைத் தேக்கு. எங்க வெட்டுனீங்க?"

பழைய வீட்டு மரம் என்று இருவரும் சொன்னார்கள். பழைய மரம் இந்த நிறத்தில் இருக்குமா என்று கேட்டான். செதுக்கினோம் என்றார்கள். களவு மரத்தைத்தான் செதுக்குவார்கள் என்றான். பிச்சைமுத்து வாயில்லாப் பூச்சி. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். மாட்டை அவிழ்க்கக்கூட விடாமல் வண்டியோடு ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே கண்ணாத்தாள் ஆச்சி வீட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். ஒரு வார்த்தை ஆச்சி வந்து சொன்னால் போதும். ஆச்சி அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாத்தா, ஒனக்கு நான் துரோகம் நினைப்பனா? எங்க தெய்வானைக்குப் பேசி முடிச்சிருக்கு. சம்பந்தகாரவுக முகப்பைப் பாத்துட்டுத்தான் சரின்னாக. பின்கட்டுல அண்ணாந்தா வானம் தெரியுதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா எம் பிள்ளை வீட்டோட கெடக்க வேண்டியதுதான். எம் பேரு வெளிய வரவேணாம். ஒன்னையக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

கூடத்தில் தூணுக்குப் பின்னால் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தது. கண்ணாத்தாள் மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் ஆச்சியைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் ஆபீசில் விசாரித்தபோது எந்த வீட்டு மரம் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை வாழ்வில் மண் அள்ளிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

மாடுகள் தின்று முடித்ததும் அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரேஞ்சர் ஆபீசிலிருந்து வெளியே வரும் வரை காத்திருந்தாள். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது, குரலை உயர்த்தாதவர்.

"பாரும்மா," என்றார். "வேட்டைக்காட்டுல, கொளத்துக்கு மேற்க வெட்டுனதுன்னு கார்டு சொல்றாரு. நீ இல்லேங்கறே. எந்த வீடுன்னும் சொல்ல மாட்டேங்கறே. குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வையி, அபராதத்தைக் கட்டு, வண்டிய ஓட்டிட்டுப் போயிரு."

"அபராதம் கட்டணும்னா ஒத்தை மாட்டை வித்தாத்தான் ஆகும், எசமான். ஒத்தை மாட்டை வச்சு வண்டி ஓட்ட முடியுமா? இல்ல, இந்தப் பக்க நுகத்தடிக்கு நான் கழுத்தைக் குடுக்கவா?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

"களவாணின்னு கைநாட்டு வைக்க மாட்டேன்," என்றாள் கண்ணாத்தாள், ஜீப்பு கிளப்பிய புழுதியைப் பார்த்து.

பொழுது சாயும்போது வண்டிப்பேட்டைக்கு வந்தாள். அவிழ்த்துவிட்ட வண்டிகளுக்கு நடுவில் வண்டிக்காரர்கள் குந்தியிருந்தார்கள். பிச்சைமுத்து ஒரு சக்கரத்தில் சாய்ந்திருந்தான். மாடு போன நாளிலிருந்து அவன் அங்கேதான் கிடந்தான், அடுத்தவன் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டு. அவன் கையில் தார்க்குச்சி இல்லாமல் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஏலமாம்," என்றாள்.

வெள்ளைச்சாமிதான் புகையிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தான். பேட்டையில் நாட்டாமை மாதிரி இருப்பவன், அவன் பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும்.

"வேட்டைக்காட்டுல தேக்கு வெட்டுனீகளா, தங்கச்சி? ராசா இருந்தப்பவே எனக்குச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வெட்டியிருப்பேனே. எங்கப்பன் காலத்துல ரங்கூன்லேருந்து கப்பல்ல வரும் தேக்கு. தொண்டிக் கடல்ல தள்ளிவிடுவாக. மரத்தைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து, ஒத்தை மரத்தை ரெண்டு வண்டியில கட்டி, மாடு நொரை தள்ள இம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு வருவாரு. செட்டிய வீட்டுல நிக்கிற தூணெல்லாம் நம்ம மாடு இழுத்தது. ஆனா இந்தக் காட்டுலயே தேக்கு வெளைஞ்சிருக்கு பாரேன், அந்த மனுசனுக்குத் தெரியாமப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாத்தாள் சிரிக்கவில்லை.

"அண்ணே, அதை இன்னொருக்கச் சொல்லுங்க."

"எதை?"

"இந்தக் காட்டுல தேக்கு வெளையாதுங்கிறதை."

வெள்ளைச்சாமி அவளைப் பார்த்தான். "ஆத்தாடி, இதைச் சொல்லணுமா? நான் பொறந்ததுலேருந்து அந்தக் காட்டுக்குள்ளதான் வெறகுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். "பொறுக்கத்தான் போறேன். வீரை இருக்கு, உசிலை இருக்கு, பாலை இருக்கு, புரசு இருக்கு. தேக்கு எலை மொறம் அகலத்துல இருக்குமாம். அப்படி ஒரு எலையை நான் அங்க கண்டதில்ல."

"அப்ப வெட்டுன மரத்துக்கு அடிக்கட்டை வேணுமில்லண்ணே?"

பிச்சைமுத்து சக்கரத்திலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் ஜீப்பை எடுத்தபோது வெளியே போக வழியில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே பேட்டை வண்டி அத்தனையும் நுகத்தடியைக் கீழே போட்டுக் குறுக்கும் நெடுக்கும் நின்றன. மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வண்டிக்காரர்கள் பாட்டுக்கு நிழலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாத்தாள் மட்டும் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கைநாட்டு வைக்க வந்திருக்கேன், எசமான்."

ரேஞ்சர் பெருமூச்சு விட்டார். "அதுக்கா இவ்வளவு பேரு?"

"வச்சிர்றேன். ஆனா நான் வெட்டுன எடத்தை எனக்குக் காட்டணும். எங்க வெட்டுனேன்னு எனக்கே தெரியலை. கார்டு அய்யாவுக்குத் தெரிஞ்சிருக்கு. கொளத்துக்கு மேக்கன்னு எடம்கூடச் சொல்லியிருக்காக. அந்தத் தேக்கோட அடிக்கட்டையக் காட்டட்டும். பாத்துட்டு, அந்தக் கட்டை மேலயே ஒக்காந்து கைநாட்டு வைக்கிறேன்."

நாகராசு பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். ரேஞ்சர் அவன் பக்கம் திரும்பினார். வண்டிகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காட்டிருவமா, நாகராசு?" என்றார்.

"அது... உள்ள போகணுங்க சார். முள்ளு."

"நாங்க செருப்பில்லாமத்தான் வாரோம்," என்றான் வெள்ளைச்சாமி.

இப்படியாகத்தான் அந்த ஊர்வலம் கிளம்பிற்று. முன்னால் நாகராசு, அவனுக்குப் பின்னால் ரேஞ்சர், ரேஞ்சரின் நிழலை மிதிக்கிற மாதிரி கண்ணாத்தாள், அவளுக்குப் பின்னால் பேட்டை முழுக்க. சமஸ்தானம் இருந்த காலத்தில் ராசா பன்றி வேட்டையாடிய காடு. வெள்ளாமைக்கு ஆகாத செம்மண்ணில் ஆள் உயரத்துக்குக் காரையும் காசானுமாக முட்புதர் அடைத்துக் கிடந்தது. நடுநடுவே வீரை மரம் குட்டையாக, முண்டும் முடிச்சுமாக நின்றது. நிமிர்ந்து வளர்ந்த மரம் என்று சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. சூரை முள் ரேஞ்சரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. அவர் விடுவித்துக்கொண்டு நடந்தார், அடுத்த செடி பிடித்துக்கொண்டது.

குளத்துக்கு மேற்கே வந்ததும் நாகராசு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினான். பாறைக்குப் பின்னால் ஒரு அடிக்கட்டை தெரிந்தது. "சார், இந்தா," என்று கூப்பிட்டான்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வெட்டைத் தெரியும். வெள்ளைச்சாமி வீட்டுக் கோடாலி வெட்டு அது. எல்லாரும் ஆகாயத்தில் ஏதோ குருவியைத் தேடுகிறவர்கள் போல அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ரேஞ்சர் குனிந்து பேனாக்கத்தியால் கட்டையைச் சுரண்டினார்.

"உசிலை," என்றார். "இதைத் தேக்குன்னு சொன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. வேற காட்டு."

இன்னொரு கட்டை, அது பாலை. அதற்கப்புறம் ஒன்று, அது கறையான் தின்று எந்தக் காலத்திலோ செத்தது. வெயில் ஏறிற்று. நாகராசுவின் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு வெட்ட வெளியில் நின்றுவிட்டான்.

"இங்கதாங்க சார். கட்டை இருந்தா மாட்டிக்குவோம்னு வேரோட தோண்டி எடுத்துட்டாங்க."

"அப்பக் குழியைக் காட்டுங்க," என்றாள் கண்ணாத்தாள்.

"குழியை மூடிட்டீங்க."

"மண்ணு புதுசாத் தெரியணுமே, காட்டுங்க. எலையும் கொப்பும் எங்க? மொறம் மொறமா எலை கெடக்கணுமே. ஒத்தை எலையைக் காட்டுங்க, நான் களவாணின்னு ஒத்துக்கிறேன்."

நாகராசு பூட்ஸ் காலால் சருகைக் கிளறினான்.

"எலையை ஆடு தின்னுருக்கும், தங்கச்சி," என்றான் வெள்ளைச்சாமி சாவதானமாக. "கட்டையை வேணா பன்னி தின்னுருக்கும். ராசா வேட்டையாடுன பன்னியாச்சே, நல்ல பசி."

முதலில் சிரித்தது பிச்சைமுத்து. வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவன், அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் எல்லாரும். காடே சிரித்தது. ரேஞ்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைக் கண்ணாத்தாள் பார்த்தாள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ரேஞ்சர் நாகராசுவிடம் சொன்னார்: "நான் ஆனைமலைல மூணு வருசம் தேக்கோட இருந்தவன்யா. மலையாளத்துப் பக்கம் இருக்குது, வடக்க கோதாவரிக் கரைல இருக்குது, கடலுக்கு அந்தப் பக்கம் பர்மா, சயாம்னு போகுது. மழை கொட்டணும் அதுக்கு, அப்புறம் நல்லாக் காயணும். இந்தச் செம்மண்ணுல தானா மொளைக்கற மரமா அது? யாராச்சும் நட்டுத் தண்ணி ஊத்தியிருந்தாத்தான் உண்டு. நீ நட்டியா?"

பேட்டைக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் கண்ணாத்தாளின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எசமான்."

"என்னம்மா, உன் வண்டி வந்துருச்சு. அப்புறம் என்ன?"

"இம்புட்டும் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"தெரிஞ்சுக்கிட்டா நேத்து என்னையக் கைநாட்டு வைக்கச் சொன்னீங்க?"

ரேஞ்சர் கால்சட்டையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "கார்டு கேஸ் கொடுத்தா நாங்க மேல அனுப்பிருவோம். அதான் வழக்கம்," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

ஆபீசில் பீப்பாயை இறக்கினார்கள். கண்ணாத்தாள் கொண்டுவந்திருந்த பழைய சேலைத் துண்டை நுகத்தடியில் மெத்தென்று சுற்றி, மயிலையின் புண்ணில் வேப்பெண்ணெய் தடவி, பிச்சைமுத்து மாட்டைப் பூட்டினான். கொட்டடி மூலையில் கிடந்த உத்திரத்தைத் தூக்க நாலு பேர் போனார்கள். ஒரு முனை அறுபட்டிருந்தது. ரேஞ்சர் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடிப்பலகை போட யாரோ அறுத்துக்கொண்டார்களாம்.

"கதவு குட்டையாப் போயிருமே, மதினி," என்றான் ஒருவன்.

"போகட்டும். நாயி வராட்டிச் சரி," என்றாள் கண்ணாத்தாள். "தூக்குங்க."

பேட்டைக்காரர்கள் எங்கிருந்தோ அரளிப் பூ பறித்து வந்து மாடுகளின் கொம்பில் சுற்றினார்கள். வெள்ளைச்சாமி தன் வண்டியை ஒதுக்கிக்கொண்டு, "எங்க தங்கச்சி வண்டிதான் மொதல்ல போகணும்" என்றான். பிச்சைமுத்து தார்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏர்க்காலில் உட்கார்ந்தான். உத்திரத்தின் மேல் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள் கண்ணாத்தாள். வாழ்நாளில் அவள் வண்டியில் சும்மா உட்கார்ந்து போனதே கிடையாது. பாரம் ஏற்றினால் பின்னால் நடந்துதான் வருவாள். இன்றைக்கு நடக்க மாட்டேன் என்றாள். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ரோட்டில் ஏறின.

மூங்கில் குறுக்கே இறங்கியிருந்தது. அவர்களுக்கு முன்னால் ஓடிவந்து அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான் நாகராசு. முகம் சுண்டிப் போயிருந்தது.

"மரம் போகணும்னா பாஸ் வேணும்," என்றான்.

"ரேஞ்சரய்யா போகச் சொன்னாகல்ல?" என்றான் பிச்சைமுத்து.

"வாயில சொன்னாப் போதுமா? எழுதி வாங்கிட்டு வா."

அப்போது பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. மேற்கேயிருந்து வந்த லாரி. அதன் மேல் சங்கிலி போட்டுக் கட்டிய மரங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். பட்டை உரிக்காமல், வெட்டுவாயில் இன்னும் ஈரம் கசிய, பச்சைத் தேக்கு மணம் ரோட்டுக்கே அடித்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் கையைக்கூட ஆட்டவில்லை. நாகராசு கயிற்றை இழுத்து மூங்கிலை விறுக்கென்று வானத்துக்குத் தூக்கினான். மற்றக் கையால் சலாம் வைத்தான்.

"ஓரம் போ, ஓரம் போ. லாரிக்கு வழி விடு."

பிச்சைமுத்துவின் கை பழக்கத்தில் இடது கயிற்றை இழுத்தது. மாடுகள் ரோட்டோரப் பள்ளத்துப் பக்கம் திரும்பின. கண்ணாத்தாள் எட்டி அவன் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்தாள்.

"நேராப் போங்க," என்றாள்.

"லாரி நிக்குது புள்ள."

"நிக்கட்டும். அவனுக்காகத் தூக்குன மூங்கியில நாம போவோம். நடு ரோட்டுல விடுங்க வண்டியை."

பிச்சைமுத்து ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மாட்டை அதட்டினான். வண்டி மூங்கிலுக்கு அடியில் நடு ரோட்டில் ஏறிற்று. அதன் பின்னால் வெள்ளைச்சாமி வண்டி, அதன் பின்னால் அடுத்தது, அடுத்தது. லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எந்த மாடும் மிரளவில்லை. பேட்டை வண்டி அத்தனையும் தாண்டுகிற வரைக்கும் மூங்கிலை இறக்கவும் முடியாமல், வைத்த சலாமை எடுக்கவும் தோன்றாமல் நாகராசு அப்படியே நின்றான். கடைசி வண்டிக்குப் பின்னால், ஒரு காடே படுத்துக் கிடக்கிற அந்த லாரியை எவரும் நிறுத்தவில்லை, எவரும் முகரவில்லை. திருக்கோகர்ணம் வரைக்கும் அது மாட்டு நடையில் ஊர்ந்து வந்தது.